வரி கேட்க மட்டும் தெரிகிறது

ஒரு பெண்ணைப் பார்த்து, 'நீ சம்பாதிக்கிறவள், வரி கொடு' என்று ஒரு கையை நீட்டுவதும், 'நீ இன்னாருடைய மனைவி மட்டுமே, வேலை செய்யாதே' என்று மறு கையால் தடுப்பதும் ஒரே சர்க்காராக இருக்குமானால், அந்தச் சர்க்காரை என்னவென்று சொல்வது? பைத்தியம் என்று சொன்னால் பைத்தியங்களுக்கு அவமரியாதை. பைத்தியம் இரண்டு கைகளாலும் ஒரே காரியத்தைத்தான் செய்யும். இது நன்றாகத் தெரிந்து, பக்கம் பக்கமாக எழுதி, முத்திரை குத்தி, பல தேசங்களில் ஒழுங்காக நடந்து வருகிற விவகாரம். மனைவி என்ற முறையில் விஸா பெற்று வெளிநாடு போகிற பெண்களைப் பற்றித்தான் சொல்லுகிறேன்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பட்டம் எதுவும் வாங்காதவன். வரிச் சட்டத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று ஆடிட்டர்கள் கேட்டால், எனக்கு உள்ள யோக்கியதை ஒன்றுதான்: சட்டத்தில் 'நபர்' என்று ஒரு சொல் வந்தால், அந்த நபர் யார், அவருக்கு வயது என்ன, அவர் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று யோசிக்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. அப்படி யோசித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நபர் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறாள். ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த ஊர். ஏரியும் வயலுமாக இருந்த பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கொரியாக்காரர்கள் கார்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்ட பிறகு இந்த வட்டாரத்தின் தலையெழுத்தே மாறிவிட்டது. 2010இல் ஒரகடத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் கூட்டாக ஒரு கார்த் தொழிற்சாலை திறந்தார்கள். பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் பேட்டை வந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் அதைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் பல முளைக்கும். அந்தப் பட்டறைகளுக்கு ஃபிக்ஸர் வேண்டும், ஃபிக்ஸருக்கு ட்ராயிங் வேண்டும். அந்த ட்ராயிங்கைப் போடுகிறவள்தான் நான் சொல்லும் பெண். எனக்குத் தூரத்து உறவில் தங்கை முறை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாளானால், ஒரு மயிரிழை பிசகாமல் கோடு போடுவாள். எந்தக் கம்பெனிக்கும் அவள் சம்பளக்காரி அல்ல. வந்த வேலையை முடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவள். ஃப்ரீலான்ஸ் என்று இன்று சொல்கிறார்கள். அவள் பெயரில் பான் கார்டு உண்டு, பாங்கியில் கணக்கு உண்டு, வருஷா வருஷம் ரிட்டர்னும் போடுகிறாள்.

அவள் புருஷனுக்கு அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் வேலை கிடைத்தது. அவனுக்கு ஹெச்-1பி விஸா, அவளுக்கு ஹெச்-4. ஹெச்-4 என்றால் ஹெச்-1பிகாரனின் மனைவி என்று அர்த்தம், அதற்கு மேல் ஓர் அர்த்தமும் இல்லை. பெட்டி கட்டும் நாட்களில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

"அண்ணே, அவரு பேப்பர்ல இன்ஜினீயர்னு போட்டிருக்கு. எனக்கு அவரு சம்சாரம்னு போட்டிருக்கு. வாஸ்தவந்தான், நான் அவரு சம்சாரந்தான். ஆனா அது மட்டுந்தானாண்ணே?"

இந்தக் கேள்விக்கு நம்முடைய சட்டம் என்ன பதில் சொல்கிறது, அமெரிக்கச் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனேன். விசாரிக்க விசாரிக்க எனக்குக் கோபம்தான் வந்தது.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். புருஷனும் மனைவியும் ஆகஸ்ட் 10ஆம் தேதி ஒரே விமானத்தில் அடுத்தடுத்த ஆசனங்களில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டால் இரண்டு பேரும் இந்தியாவில் இருந்தது 132 நாள். நம்முடைய வருமான வரிச் சட்டப்படி, ஒரு நிதி ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தவர் 'வாசி'. அவ்வளவு இல்லாமற்போனாலும், அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தவரும் வாசிதான். ஆனால் வெளிநாட்டில் உத்தியோகம் பார்ப்பதற்காகப் புறப்படும் இந்தியப் பிரஜைக்கு ஒரு சலுகை: அவருக்கு 60 நாள் கணக்கு கிடையாது, 182 மட்டுமே. நியாயமான சலுகை, போகிற மனுஷனைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது.

இப்போது ஆசனங்களைப் பாருங்கள். ஜன்னலோரத்தில் இருக்கும் புருஷன் உத்தியோகத்துக்குப் போகிறான். 132 நாள்தான் இருந்தான். ஆகவே அந்த ஆண்டு முழுவதற்கும் அவன் வெளிநாட்டுவாசி. அவனுடைய டாலர் சம்பளத்தின்மேல் இந்தியா கை வைக்காது. பக்கத்து ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பவளும் 132 நாள்தான் இருந்தாள். ஆனால் அவள் உத்தியோகத்துக்குப் போகவில்லையே, மனைவியாகத்தானே போகிறாள்? அறுபதைத் தாண்டிவிட்டாள், ஆகவே வருகிற மார்ச் 31 வரைக்கும் அவள் இந்தியவாசி. உலகத்தில் எந்த மூலையில் அவள் ஒரு காசு சம்பாதித்தாலும் அந்த ஆண்டுக்கு இங்கே கணக்குச் சொல்ல வேண்டும். உத்தியோகம் என்பது சொந்தத் தொழிலையும் குறிக்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் வேலை செய்யக் கூடாது என்று முத்திரை குத்திய விஸாவைக் கையில் வைத்துக்கொண்டு, 'நான் தொழில் செய்யப் போகிறேன்' என்று எப்படிச் சொல்வது?

இது போதாதென்று அந்நியச் செலாவணிச் சட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு நாள் கணக்கு முக்கியமல்ல, நோக்கம்தான் முக்கியம். எப்போது திரும்புவோம் என்ற நிச்சயமில்லாமல் புறப்பட்டுவிட்டால் அவள் வெளிநாட்டுவாசி; தன் பாங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றிய கணக்கில் வட்டி வந்தால் நூற்றுக்கு முப்பது பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வரும். ஆக ஒரே தேசத்தின் இரண்டு சட்டங்களில் ஒன்றுக்கு அவள் உள்ளூர்க்காரி, ஒன்றுக்கு வெளியூர்க்காரி. இரண்டுக்கும் பொதுவான ஒரே விஷயம், இரண்டும் அவளிடம் பணம் பிடிக்கின்றன என்பதுதான்.

அடுத்த ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்துக்கும் அவள் வெளியூர்க்காரியாகிவிடுகிறாள். அப்போது என்ன ஆகிறது? மாதம் முப்பதாயிரத்துக்கு அவள் ட்ராயிங் போட்டுக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். உள்ளூரில் இருந்தவரை, வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று எஞ்சினீயரிங் முதலிய தொழில்களுக்கு ஒரு சுலப முறை உண்டு. அதன்படி ஒரு காசு வரி இல்லை. கம்பெனிக்காரன் பிடித்த நூற்றுக்குப் பத்தும் திரும்பி வந்துவிடும். வெளியூர்க்காரியானதும் அந்தச் சுலப முறை கிடையாது. 2025ஆம் வருஷத்து பட்ஜெட்டில் பன்னிரண்டு லட்சம் வரையில் கிடைத்த தள்ளுபடியும் கிடையாது. அது உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். இந்தியக் கம்பெனி வெளிநாட்டுவாசிக்குக் கொடுக்கும் தொழில்நுட்பக் கட்டணம், வேலை எந்தத் தேசத்தில் நடந்தாலும் இந்தியாவில் கிடைத்த வருமானமே என்பது விதி. செலவு கழிக்காமல் மொத்த வரவில் நூற்றுக்கு இருபது, அதற்கு மேல் செஸ். கூட்டிப் பாருங்கள்: 74,880 ரூபாய். அதே கை, அதே கோடு, அதே பட்டறை. நேற்று வரி பூஜ்யம். இன்று முக்கால் லட்சம்!

சரி, இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கேயும் நாள் எண்ணுகிறார்கள். இந்த வருஷத்து நாட்கள் முழுதாக, போன வருஷத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய வருஷத்து நாட்களில் ஆறில் ஒரு பங்கு என்று கூட்டி 183 வந்துவிட்டால், வரிக்கு அவள் அமெரிக்கவாசி. உலகம் முழுவதிலும் வரும் வருமானத்துக்கு அங்கே கணக்குச் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள பாங்கிக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் அதையும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வயசான தகப்பனார் சௌகரியத்துக்காகத் தம் கணக்கில் மகள் பெயரையும் சேர்த்திருப்பாரே, அதுவும் இதில் சேர்த்தி.

அது போகட்டும். அவளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது, வேலை செய்ய உரிமை இல்லாதவளுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வரி வாங்க ஒரு எண் வேண்டுமே! அதற்கென்றே தனியாக ஒரு எண் கொடுக்கிறார்கள். வரி செலுத்துவோர் அடையாள எண் என்று அதற்குப் பெயர். இந்த எண் வரிக்கு மட்டும்தான், வேலை செய்யும் உரிமையை இது தராது என்று அவர்களே ஸ்பஷ்டமாகச் சொல்லியும் விடுகிறார்கள். இவ்வளவு வெட்கமில்லாத நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புருஷனோடு சேர்ந்து கூட்டாக ரிட்டர்ன் போட்டால் வரி குறையும். ஆகவே போடுவார்கள். அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு, அந்த ரிட்டர்னில் உள்ள வரி முழுவதற்கும், புருஷன் சம்பாதித்ததற்கும் சேர்த்து, அவளும் தனியாகவே ஜவாப்தாரி. சொந்தமாகப் பத்து டாலர் சம்பாதிக்கத் தகுதியில்லாதவள், அவன் சம்பாதித்த லட்சம் டாலருக்கு மட்டும் பொறுப்பேற்கத் தகுதியுள்ளவள்!

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். மிச்சிகனில் சமையல்கட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரகடத்துப் பட்டறைக்கு அவள் ஒரு ட்ராயிங் போட்டு அனுப்பினால் அது என்ன? வேலை எங்கே நடந்ததோ அங்கே விளைந்த வருமானம் என்பது அமெரிக்க வரிச் சட்டம். ஆகவே அது அமெரிக்க வருமானம், வரி கொடு. வேலையும் இங்கேதானே நடந்தது, அப்படியானால் அனுமதியில்லாத வேலை என்று குடியேற்ற இலாகா சொல்லலாம். பணம் இந்தியாவிலிருந்து இந்தியக் கணக்குக்கு வந்ததாயிற்றே என்று வாதாட இடமுண்டு. ஆனால் தைரியமாக 'செய்யலாம்' என்று எழுதிக் கொடுக்கும் வக்கீல் அகப்பட மாட்டார். நேர்மையாக வரி கட்டினால், அந்த ரிட்டர்னே அவள் வேலை செய்தாள் என்பதற்குச் சாட்சி. வரி கட்டாவிட்டால் வரி ஏய்ப்பு. அமெரிக்காவில் சட்டவிரோதமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வரி உண்டு. அல் கபோன் என்ற கொள்ளைத் தலைவனை 1931இல் அவர்கள் சிறைக்கு அனுப்பியது கொலைக்காக அல்ல, வரி கட்டாததற்காக. அந்த அல் கபோனுக்கு வெட்டிய குழியில், ஃபிக்ஸர் ட்ராயிங் போடுகிற பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணும் வந்து விழ வேண்டியிருக்கிறது.

இரட்டை வரியைத் தவிர்க்க இரண்டு தேசங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தனிமனிதரின் தொழில் வருமானத்துக்கு அவர் வசிக்கும் தேசமே வரி போடலாம் என்று அதில் ஒரு ஷரத்தும் இருக்கிறது. மற்ற தேசத்தில் ஆபீஸ் வைத்திருந்தாலோ, வருஷத்தில் 90 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கினாலோதான் விலக்கு. அதைக் காட்டினால் இங்கே பிடித்த எழுபத்தையாயிரம் அவளுக்குத் திரும்பும். ஆனால் காட்டுவதற்கு அமெரிக்க வரி இலாகாவிடமிருந்து வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். 'ஐயா, நான் இங்கே உட்கார்ந்து தொழில் செய்து சம்பாதிக்கிறேன், சான்றிதழ் கொடுங்கள்' என்று, தொழில் செய்யாதே என்று சொன்ன சர்க்காரிடமே மனுப் போட வேண்டும். எந்தப் பெண் போடுவாள்?

இதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா என்று ஒரு தொழிற்சாலை 2006இல் தொடங்கி ஓஹோவென்று நடந்தது நினைவிருக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2013இல் வருமான வரி இலாகா சுமார் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் கொடுத்தது. பின்லாந்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. வழக்கு என்ன ஆயிற்று? இரண்டு தேசத்து அதிகாரிகளும், வரி ஒப்பந்தத்தில் உள்ள பரஸ்பர உடன்பாட்டு வழியில் பேசி 2018இல் முடித்துக்கொண்டார்கள். அது தவறு என்று நான் சொல்லவில்லை; வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். ஆனால் அதே மாதிரி ஷரத்து அமெரிக்க ஒப்பந்தத்திலும் இருக்கிறது, தனிமனிதருக்கும் பொருந்துகிற முறையில். ட்ராயிங் போடுகிறவளுக்காக இரண்டு சர்க்கார்களின் அதிகாரிகள் மேஜையின் இரு பக்கமும் உட்காருவார்கள் என்று யாராவது நம்புகிறீர்களா? கதவு எல்லாருக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறது. யானை நுழைகிற உயரத்தில் தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் எல்லா மனைவிமாருக்கும் இந்தத் தடை உண்டா என்றால், இல்லை. அங்கேதான் அநியாயம் முழுசாக வெளிப்படுகிறது. 2015 மே மாதத்திலிருந்து ஹெச்-4 மனைவிகளில் சிலருக்கு வேலை அனுமதி கொடுக்கிறார்கள். யாருக்கு? புருஷனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால். அவள் என்ன படித்தாள், என்ன செய்வாள் என்று கேள்வியே இல்லை. அதே புருஷன் கம்பெனி மாற்றலில் எல்-1 விஸாவில் போயிருந்தால், மனைவிக்கு எல்-2. 2021 நவம்பரிலிருந்து அந்த மனைவிமார் தனி அனுமதிக்குக் காத்திராமல் போன உடனே வேலை செய்யலாம். ஆக ஒரே பெண், ஒரே ஊர், ஒரே சமையல்கட்டு. புருஷனுடைய விஸாவில் உள்ள எழுத்து ஹெச்சா எல்லா என்பதைப் பொறுத்து அவள் தொழிலாளியா, குற்றவாளியா என்பது தீர்மானமாகிறது. அனுமதி கிடைத்தவளுக்கும் முழு நியாயம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் முதுமைப் பென்ஷனுக்கும் வைத்தியத்துக்குமாக 15.3 சதவீதம் தனி வரி கட்ட வேண்டும். பென்ஷன் பெறச் சுமார் பத்து வருஷம் கட்டியிருக்க வேண்டும். எல் விஸாவின் ஆயுளோ அதிகபட்சம் ஏழு வருஷம்!

என் கட்சியை மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்போம்.

'விருந்தாளியாகப் போகிற வீட்டில் அந்த வீட்டு முறைப்படி நடந்துகொள்ள வேண்டியதுதானே?' என்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் விருந்தாளியிடம் வீட்டு வாடகை வசூலிப்பது எந்த ஊர் முறை? வரியை வாங்காமல் இருக்கட்டும், விருந்தாளி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். வேலை பார்க்கிறவள் என்று வரி வாங்கினால், வேலை பார்க்கும் உரிமையையும் கொடுக்கட்டும். இரண்டில் ஒன்று.

'அங்கே உள்ள தொழிலாளிகளின் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டாமா?' என்பது அடுத்த கேள்வி. ஒரகடத்துப் பட்டறை மிச்சிகனில் ஆள் தேடப் போவதில்லை. அவள் கையை நிறுத்தினால் அந்த ட்ராயிங்கை ஸ்ரீபெரும்புதூரிலேயே வேறொருவர் போடுவார். ஓர் அமெரிக்கனுக்கும் அதனால் ஒரு டாலர் கூடக் கிடைக்காது. நஷ்டம் அவளுக்கு மட்டும்.

மூன்றாவது வாதம் நம் வீட்டுக் கூடத்திலிருந்தே வருகிறது. எனக்கு மிகவும் அருவருப்பானதும் அதுதான். அவளுடைய பெரிய மாமா சொன்னார்: "இதுக்கு ஏம்ப்பா இவ்வளவு ரகளை? அவன் சம்பாதிக்கிறது போதாதா? அப்படியே இவளும் செய்யணும்னா, பணத்தை அவ அப்பா கணக்குல போடச் சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

இதைப் புத்திசாலித்தனம் என்று நினைக்கிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். இது வரி ஏய்ப்பு என்பது ஒரு பக்கம். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் காரியத்தைப் பாருங்கள். பட்டறையின் கணக்கில் ட்ராயிங் போட்டவர் அவளுடைய தகப்பனார்! அறுபத்தெட்டு வயதில் அவர் ஃபிக்ஸர் வரைகிறார்! ஐந்து வருஷம் கழித்து அவள் ஊர் திரும்பி ஒரு பாங்கியில் கடன் கேட்டால், 'ஐந்து வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்பார்கள். காகிதத்தில் பதில் இருக்காது. தொழிலும் போய், பெயரும் போய், அவள் கைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. விஸாக்காரன் அவளை மனைவியாக்கினான். நாம் அவளை மகளாக்கிவிட்டோம். ட்ராயிங் போடுகிறவளை இரண்டு பேரும் சேர்ந்து அழித்துவிட்டோம்.

'அவன் சம்பாதிப்பது போதாதா' என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்து, 'உன் பெண்டாட்டி சம்பாதிப்பது போதுமே, நீ ஏன் வேலை செய்கிறாய்?' என்று கேட்கத் தைரியமுள்ளவர் வரட்டும், அப்போது பேசலாம்.

வாஷிங்டனைத் திட்டுவது சுலபம். நம் தேசம் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? ஸ்ரீபெரும்புதூர்க் கடைவீதியில் கொரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலை விஸாவில் வரும் கொரியரும் ஜப்பானியரும் தங்கள் மனைவிமாரை அழைத்து வருகிறார்கள். அந்த மனைவிக்கு நாம் கொடுப்பது எக்ஸ் விஸா. அதில் அவள் வேலை செய்யக் கூடாது. ஸியோலில் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவளாக இருக்கலாம். இங்கே வந்து 182 நாள் ஆகிவிட்டால் நம் வரிச் சட்டம் அவளையும் வாசிகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். நம் விஸாச் சட்டம் மட்டும் தூரிகையைக் கீழே வை என்கிறது. நம் பெண்ணுக்கு மிச்சிகனில் நடப்பதை, அவர்கள் பெண்ணுக்கு நாம் ஒரகடத்தில் செய்துகொண்டிருக்கிறோம். நம் கையில் இந்த அழுக்கு இருக்கும்போது எதிர்வீட்டுக்காரனிடம் கை கழுவச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

இது மாற்ற முடியாத விதியா என்றால், இல்லை. பிரிட்டனில் 1990 ஏப்ரல் வரைக்கும் மனைவியின் வருமானம் சட்டப்படி கணவனுடைய வருமானமாகவே கருதப்பட்டது. அதை மாற்றினார்கள், வானம் இடிந்து விழவில்லை. அதே பிரிட்டனில் இன்று தேர்ந்த தொழிலாளர் விஸாவில் வருகிறவரின் மனைவியோ கணவனோ சொந்தத் தொழில் உள்பட வேலை செய்யலாம். ஜெர்மனியிலும் குடும்பத்தோடு சேர வந்தவருக்கு வேலை செய்யவும் தொழில் நடத்தவும் உரிமை உண்டு. ஜப்பான் வாரத்துக்கு 28 மணி வரை அனுமதி கொடுக்கிறது. சிங்கப்பூரோ 2021 மே முதல் பின்னுக்குப் போய்விட்டது; வேலைக்குப் போகும் மனைவி தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும் என்றது. முன்னுக்கும் போகலாம், பின்னுக்கும் போகலாம். சர்க்காரின் மனசுதான் காரணம்.

நம்முடைய சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அதை மனப்பூர்வமாகப் பாராட்டுகிறேன். இந்திய வருமான வரியில் புருஷனும் மனைவியும் எப்போதுமே தனித்தனி நபர்கள். கூட்டு ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் ஒரு புதிய வருமான வரிச் சட்டம் இயற்றினார்கள். 2026 ஏப்ரல் 1 அதற்கு நாள் குறித்தார்கள். பாஷையைச் சுலபமாக்கினோம் என்று பெருமைப்பட்டார்கள். பாஷையைத் திருத்தினவர்கள், விமானத்தின் இரண்டாவது ஆசனத்தையும் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம். உத்தியோகத்துக்குப் போகிறவரோடு கூடப் போகிற மனைவிக்கோ கணவனுக்கோ அதே 182 நாள் கணக்குத்தான் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எத்தனை மசி செலவாகும்? அதோடு, எக்ஸ் விஸாவில் வந்தவருக்கு, வரி கட்டிச் சொந்தத் தொழில் செய்ய உரிமை என்று இன்னொரு வரி. அதைச் செய்துவிட்டு அமெரிக்காவிடமும் கொரியாவிடமும் போய், 'உங்கள் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்தோம், எங்கள் பெண்ணுக்கு நீங்கள் கொடுங்கள்' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முதுகெலும்பு இருக்கும்.

சர்க்கார் திருந்தும்வரை பெண்கள் என்ன செய்வது? பெட்டி கட்டும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். புடவையை மடித்து வைக்கும் முன்னால் புருஷனுடைய விஸாவின் எழுத்து என்ன என்று கேளுங்கள். ஹெச்சுக்கும் எல்லுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வழியிருந்தால், சம்பளத்தை மட்டும் பார்த்து அவர் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் தொழிலும் அதில் பணயம். புறப்படும் தேதியை முகூர்த்தம் பார்த்துக் குறிக்கிற வீடு, ஏப்ரல் முதல் நாளிலிருந்து எத்தனை நாள் என்றும் எண்ணிக் குறிக்கட்டும். உங்கள் பான் கார்டு, உங்கள் ரிட்டர்ன் நகல்கள், பட்டறைகள் கொடுத்த ரசீதுகள், இவற்றை உங்கள் பெயரிட்ட ஒரு கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புருஷனுடைய ஃபைலுக்குள் அது கடைசிக் காகிதமாக இருக்க வேண்டாம். கூட்டு ரிட்டர்னில் கையெழுத்துப் போடும் முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள். அனுமதி வரும்வரை வேலையை நிறுத்த வேண்டியிருந்தால், இந்தத் தேதியில் இந்தச் சட்டத்தால் நிறுத்தினேன் என்று எழுதி வையுங்கள். ஆனால் யார் சொன்னாலும், உங்கள் கூலியை இன்னொருவர் பெயரில் வாங்காதீர்கள்.

'அது மட்டுந்தானாண்ணே?' என்று அந்தப் பெண் கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில்: "இல்லை அம்மா. வரி இலாகாவுக்குக் கூட அது தெரியும். விஸா இலாகாவுக்குத்தான் தெரியவில்லை." அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அன்று முடிக்க வேண்டியிருந்த ட்ராயிங்கின் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள். அந்தக் கட்டம் காலியாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.